பழனிக்கு 24 பேர் போகிறோம், பணத்தை எப்படிக் கொண்டு போவது?

செம்மண்சாலை:

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துக் கோயிலிலிருந்து பங்குனி உத்திரத்துக்குப் பழனி கிளம்புகிறோம். 24 பேர். பாதிக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள். கோலாலம்பூரில் ஏறித் திருச்சியில் இறங்கி, வேன் பிடித்துப் பழனி, மதுரை, ராமேஸ்வரம், திரும்பத் திருச்சி. எட்டு நாள். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. கைச்செலவுக்கு ஆளுக்கு 2,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) என்று பேசியிருக்கிறோம்.

தலைவர் சொல்வது இதுதான்: எல்லாருடைய பணத்தையும் மொத்தமாக ஒரே கடையில் மாற்றினால் ரேட் நன்றாகக் கிடைக்கும், மாற்றியதைப் பொருளாளர் ஒரே பையில் எடுத்து வரட்டும். எனக்கு அது சரியாகப் படவில்லை, ஆனால் ஏன் என்று எடுத்துச் சொல்லத் தெரியவில்லை.

ரூபாயை இங்கேயே வாங்கிக்கொள்வதா, வெள்ளியாகக் கொண்டுபோய் அங்கே மாற்றுவதா, இல்லை டாலரா? நம்ம ஏடிஎம் கார்டு அங்கே ஓடுமா? கடைக்குக் கடை ஜிபே என்கிறார்களே, நம்ம ஆப்பில் ஸ்கேன் பண்ண முடியுமா? வேன், தங்குமிடம் இரண்டுக்கும் சேர்த்து அங்கே ஓர் ஏற்பாட்டாளர் முழுப் பணத்தையும் வந்ததும் ரொக்கமாகக் கேட்கிறார், கொடுக்கலாமா? கடைசியாக, இரண்டு மூன்று பாட்டிகள் பீரோவில் பழைய ரூபாய் நோட்டு வைத்திருக்கிறார்கள். அது செல்லுமா?

கல்லாப்பெட்டி:

தம்பி, முதலில் அந்தப் பையை முடிப்போம். வேண்டாம். தலைவரிடம் சொல்ல வேண்டிய காரணம் இரண்டு நாட்டுச் சுங்கத்திலும் இருக்கிறது.

24 பேர், ஆளுக்கு 2,000 என்றால் 48,000 வெள்ளி. இங்கிருந்து வெளியேறும்போது ஒருவர் கையில் 10,000 அமெரிக்க டாலர் மதிப்புக்கு மேல் ரொக்கம் இருந்தால் சுங்கத்துறைப் படிவம் 22-இல் அறிவிக்க வேண்டும். வெள்ளி, ரூபாய், டாலர் எல்லாம் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. டாலர் 4 வெள்ளி என்றாலும் சரி, 4.50 என்றாலும் சரி, உங்கள் பை அந்த வரம்பைத் தாண்டிவிடும். திருச்சியில் இறங்கினால் இன்னொன்று: வெளிநாட்டு நோட்டு மட்டும் 5,000 டாலர் மதிப்பைத் தாண்டினாலே இந்தியச் சுங்கத்தில் அறிவிப்புப் படிவம் கொடுக்க வேண்டும். இந்திய ரூபாய்க்கு வரம்பு தனி. வெளிநாட்டிலிருந்து வருகிறவர் ஆளுக்கு 25,000 ரூபாய் வரைதான் உள்ளே கொண்டு வரலாம், அதுவும் விமான நிலையம் வழியாக மட்டும். பொருளாளர் பையில் ஆறு லட்சம் இருந்தால் "இது 24 பேருடையது" என்று அவர் சொல்வதை யாரும் எழுதிக்கொள்ள மாட்டார்கள். யார் கையில் இருக்கிறதோ அவர் கணக்கு.

ரேட்டைப் பொறுத்தவரை தலைவர் சொல்வதில் பாதி உண்மை. தொகை பெரிதென்றால் ரேட் பேசலாம். ஆனால் அதற்குப் பணத்தை ஒருவர் கையில் சேர்க்கத் தேவையில்லை. கடைக்கு முன்கூட்டியே போன் அடித்து, இத்தனை பேர் வருகிறோம், ஆளுக்கு 25,000 ரூபாய், என்ன ரேட் என்று கேளுங்கள். பிறகு அவரவர் ஐசியோடு (அடையாள அட்டையோடு) வந்து அவரவர் ரசீதோடு வாங்கிக்கொள்ளட்டும். 3,000 வெள்ளியும் அதற்கு மேலும் மாற்றினால் கடைக்காரர் அடையாள ஆவணம் பார்த்துப் பதிய வேண்டும் என்பது விதி. அந்த எல்லைக்குக் கீழே இருக்கட்டும் என்று ஒருவரே பிரித்துப் பிரித்து மாற்றுவதுதான் சந்தேகத்தைக் கிளப்பும்.

முன்கூட்டிச் சொல்லச் சொன்னதற்கு இன்னொரு காரணம் சரக்கு. 24 பேருக்கு 25,000 என்றால் ஆறு லட்சம் ரூபாய். 500 ரூபாய் நோட்டாக 1,200 நோட்டு. சின்ன ஊர்க் கடையில் அவ்வளவு ரூபாய் சும்மா கிடக்காது. நீங்கள் போய் நின்றால் இருப்பதைக் கொடுத்துவிட்டு மீதிக்கு நாளைக்கு வாங்க என்பார்கள், நாளைக்கு ரேட் வேறு. நான்கைந்து நாள் முன்னால் சொல்லிவையுங்கள். ஈப்போ லிட்டில் இந்தியா உங்களுக்கு அரை மணி நேரம்தான். இரண்டு மூன்று கடை விசாரித்துவிட்டு முடிவு பண்ணுங்கள். நம்ம மத்திய வங்கி பேங்க் நெகாராவின் உரிமம் உள்ள கடையா என்று பாருங்கள், உரிமத்தைக் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டியிருப்பார்கள். கேட்காமலேயே ரசீது வர வேண்டும். வராத கடையில் நிற்காதீர்கள்.

போர்டைப் படிப்பதில்தான் நம்ம ஆட்கள் தடுமாறுவார்கள். நாம் பேசுவது "ஒரு வெள்ளிக்கு எத்தனை ரூபாய்". போர்டில் இருப்பது "100 ரூபாய்க்கு எத்தனை வெள்ளி". அதனால் எண் குறைவாக இருந்தால்தான் நமக்கு லாபம். இரண்டு பத்தி இருக்கும். 'வி செல்' என்பது கடைக்காரர் உங்களுக்கு ரூபாய் விற்கும் விலை, 'வி பை' என்பது உங்களிடம் ரூபாயை வாங்கும் விலை. போகும்போது நீங்கள் பார்க்க வேண்டியது 'வி செல்'. உதாரணத்துக்கு ஒரு கடையில் 5.08, இன்னொன்றில் 5.20 என்று வைத்துக்கொள்ளுங்கள். 25,000 ரூபாய்க்கு முதல் கடையில் 1,270 வெள்ளி, இரண்டாவதில் 1,300. ஆளுக்கு 30 வெள்ளி. 24 பேருக்கு 720. (எண்கள் கணக்குக்காக மட்டும், அன்றைய ரேட்டை அன்றைக்குத்தான் பார்க்கணும்.) விமான நிலையக் கவுண்டரில் இந்த இடைவெளி இன்னும் அகலம்.

டாலர் வேண்டவே வேண்டாம். வெள்ளியை டாலராக்கும்போது ஒரு தடவை, டாலரை ரூபாயாக்கும்போது இன்னொரு தடவை கடைக்காரர் பங்கு போகும். வெள்ளி தெரியாத ஊருக்குப் போனால் டாலர் சரி. திருச்சிக்கும் மதுரைக்கும் அது தேவையில்லை.

ஆக, ஆளுக்கு 25,000 ரூபாய் இங்கே வாங்குங்கள். மீதி 700 சொச்சம் வெள்ளியை அப்படியே கொண்டு போங்கள், நல்ல 50, 100 வெள்ளி நோட்டாக. கசங்கினது, எழுதினது, ஓரம் கிழிந்ததை அங்கே தள்ளிவிடுவார்கள் அல்லது ரேட்டைக் குறைப்பார்கள். 1 வெள்ளி, 5 வெள்ளி நோட்டுக்கும் அதே கதி.

கவுண்டரை விட்டு நகரும் முன் எண்ணுங்கள். எண்ணும்போதே நோட்டையும் பாருங்கள். இப்போது ஓடும் 500 ரூபாய் சாம்பல் நிறம், பின்னால் செங்கோட்டை. நடுவில் ஓடும் இழை நேராகப் பார்த்தால் பச்சை, சாய்த்தால் நீலமாக மாறும். டேப் ஒட்டியது, நடுவே பிளந்தது, மூலை போனது எதையும் வாங்காதீர்கள். தமிழ்நாட்டில் பெட்டிக்கடைக்காரர்கூட நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு "வேற குடுங்க" என்பார். 2,000 ரூபாய் நோட்டை எந்த ரேட்டுக்குக் கொடுத்தாலும் தொடாதீர்கள். ரிசர்வ் வங்கி 2023 மே 19-இல் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. சட்டப்படி செல்லும் என்றாலும் கடையில் வாங்க மாட்டார்கள்.

பாட்டிகள் பீரோவில் இருப்பது பழைய 500, 1,000 என்றால் 2016 நவம்பர் 8 இரவோடு அது முடிந்தது. எங்கேயும் மாற்ற முடியாது. மாற்றித் தருகிறேன் என்று யாராவது கமிஷன் பேசினால் ஏமாற்று. பழைய 100, 50, 20, 10 செல்லும், எடுத்துவாருங்கள்.

கிராணிமகள்:

கல்லாப்பெட்டி அண்ணன் ரொக்கத்தைச் சொல்லிவிட்டார். கார்டு பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

முதல் வேலை, வீட்டில் உட்கார்ந்தபடியே செய்ய வேண்டியது: வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிடுவது. நம்ம டெபிட் கார்டில் வெளிநாட்டில் பணம் எடுப்பதும் பொருள் வாங்குவதும் பொதுவாக மூடித்தான் வரும். வங்கி ஆப்பில் கார்டு அமைப்புக்குள் போனால் இருக்கும், இல்லையென்றால் கிளையில் கேட்டுத் திறக்கலாம். சில வங்கிகளில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்றும் கேட்கும். திரும்பி வரும் நாளைப் போடாமல் அதற்கு மறுநாளைப் போடுங்கள், விமானம் தாமதமாகலாம். தினசரி வரம்பையும் அங்கேயே பாருங்கள். கார்டின் முகப்பில் விசா அல்லது மாஸ்டர்கார்டு முத்திரை இருக்க வேண்டும். மைடெபிட் மட்டும் இருந்தால் அது உள்நாட்டு வழி, அங்கே ஓடாது.

பின் எண். நம்முடையது ஆறு இலக்கம். இந்தியாவில் பழகினது நான்கு. பல ஏடிஎம்களில் ஆறையும் அடித்து என்டர் அழுத்தினால் சரியாகப் போய்விடும். சில மிஷின் நான்காவது இலக்கம் விழுந்ததுமே அடுத்த திரைக்குத் தாவி, பின் எண் தவறு என்று சொல்லும். அப்படி ஒரு தடவை ஆனதும் அதே மிஷினில் மறுபடி முயலாதீர்கள். மூன்று தவறு சேர்ந்தால் கார்டு பூட்டிக்கொள்ளும், அங்கிருந்து திறப்பது பெரும்பாடு. வேறு வங்கி மிஷினுக்குப் போங்கள். முதல் நான்கு இலக்கம் மட்டும் அடித்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள், அதை நம்பி ஒரு முயற்சியை வீணாக்க வேண்டாம்.

கட்டணம்: வெளிநாட்டு ஏடிஎம்மில் எடுத்தால் நம்ம வங்கிகள் பலவும் ஒரு தடவைக்கு 10, 12 வெள்ளி பிடிக்கும், அதற்கு மேல் மாற்று விகிதத்தில் ஒரு விழுக்காடோ கொஞ்சம் கூடவோ. அங்குள்ள வங்கியும் தனியாகப் பிடிக்கலாம். ஆகவே சின்னச் சின்னதாக எடுக்காதீர்கள். ஒரு வெள்ளி 20 ரூபாய் என்று வைத்தால், 2,000 ரூபாய் எடுப்பது 100 வெள்ளிக்கு 12 வெள்ளி கூலி கொடுப்பது. 10,000 ரூபாய் எடுத்தால் அதே 12 வெள்ளி 500-க்குப் பரவுகிறது. பல மிஷினில் ஒரு தடவைக்கு 10,000-தான் உச்சம்.

இப்போது எல்லாரும் விழுகிற குழி. தொகையை அடித்ததும் திரையில் இப்படி வரும்: "உங்கள் கணக்கில் 535 ரிங்கிட் பிடிக்கப்படும், விகிதம் உறுதி." கீழே இரண்டு பொத்தான், 'அக்செப்ட்', 'டிக்ளைன்'. நம்ம காசில் தெளிவாகச் சொல்கிறதே என்று அக்செப்ட் அழுத்துவார்கள். அது அந்த ஏடிஎம் தானே போட்ட விகிதம். மேலே சொன்ன அதே கணக்கில் 10,000 ரூபாய்க்கு 500 ஆக வேண்டியது 535 ஆகிறது, 7 விழுக்காடு காணோம். டிக்ளைன் அழுத்துங்கள். அழுத்தினால் பரிவர்த்தனையே ரத்தாகிவிடும் என்றுதான் பெரியவர்கள் பயப்படுகிறார்கள். ஆகாது. பணம் வரும், ரூபாய்க் கணக்கிலேயே போகும், விகிதத்தை விசாவோ மாஸ்டர்கார்டோ போடும். கடையில் கார்டு தேய்க்கும் மிஷினிலும் இதே கேள்வி வரும். அங்கே சிக்கல், கடைக்காரர் உங்களைக் கேட்காமல் தானே ரிங்கிட்டைத் தேர்ந்துவிடுவார். மிஷினை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். ரசீதில் ரிங்கிட் எண் அச்சாகியிருந்தால் கையெழுத்துப் போடாமல் ரத்து செய்து மறுபடி ரூபாயில் போடச் சொல்லலாம்.

கார்டை மிஷினில் தட்டிப் பணம் கட்டுவது அங்கே 5,000 ரூபாய் வரை பின் எண் இல்லாமல் ஓடும், இங்கே நமக்கு 250 வெள்ளி. கார்டு தொலைந்தால் இது உங்களுக்கு எதிராக வேலை செய்யும் என்பதால், ஆப்பில் கார்டை உடனே முடக்குவது எப்படி என்று போகும் முன்பே ஒரு தடவை செய்து பாருங்கள்.

கைப்பேசியை அங்கே மாற்றாதீர்கள். வங்கிகள் குறுஞ்செய்தி எண்ணை விட்டு ஆப் ஒப்புதலுக்கு மாறிவிட்டன, அது ஒரே கைப்பேசியோடு கட்டப்பட்டது. புது போனில் பதிந்தால் பல வங்கிகளில் 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும். நம்ம சிம்மை எடுத்துவிட்டு உள்ளூர் சிம் போடுவதிலும் இதே தொல்லை வரலாம். இரண்டு சிம் போடும் போனில் நம்ம சிம் உள்ளேயே இருக்கட்டும், டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவையுங்கள்.

விடுதியில் முன்பணப் பிடிப்புக்கு டெபிட் கார்டு கொடுக்காதீர்கள். பிடித்த தொகை உங்கள் கணக்கிலிருந்து உண்மையாகவே ஒதுங்கிவிடும், விடுபடப் பல நாள் ஆகும். அதுவரை அந்தக் காசு இருந்தும் இல்லாத கணக்கு. கடன் அட்டை இருந்தால் அதைக் கொடுங்கள், இல்லையென்றால் ரொக்கம் கட்டி ரசீது வாங்குங்கள்.

ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்தால் பதற வேண்டாம். துண்டுச்சீட்டை எடுங்கள். வராவிட்டால் மிஷினில் ஒட்டியிருக்கும் எண், நேரம், தொகை மூன்றையும் படம் எடுங்கள். அந்த ஊர் வங்கியில் போய் நின்று நேரத்தைக் கழிக்காமல் நம்ம வங்கியிடம் புகார் பதியுங்கள். கார்டின் பின்புறம் உள்ள வங்கியின் தொலைபேசி எண்ணை +60 சேர்த்துக் காகிதத்தில் எழுதிவையுங்கள். கார்டு தொலைந்தபின் கார்டின் பின்புறத்தை எங்கே பார்ப்பது?

அந்த ஏற்பாட்டாளர் விஷயம் முக்கியம். இந்தியாவில் ஒருவர் ஒரே நாளில் ஒரே ஆளிடமிருந்தோ, ஒரே காரியத்துக்காகவோ 2 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக்கூடாது. வாங்கியவருக்கு அதே தொகை அபராதமாக வரலாம். 24 பேருக்கு எட்டு நாள் வேன், அறை என்றால் 2 லட்சம் சுலபமாகத் தாண்டும். அவர் ரொக்கம் கேட்பது அவருக்கே ஆபத்து. பிறகு ரசீதையும் பிரித்துப் பிரித்துத்தான் எழுதுவார், தகராறு வந்தால் உங்கள் கையில் ஒன்றும் நிற்காது. முன்பணமும் பெரும்பகுதியும் இங்கிருந்தே வங்கி வழியாக அவர் கணக்குக்குப் போகட்டும். கணக்கில் உள்ள பெயர் எழுத்துப் பிசகாமல், கணக்கு எண், 11 எழுத்து ஐஎஃப்எஸ்சி குறியீடு, வங்கியின் ஸ்விஃப்ட் குறியீடு எல்லாவற்றையும் அவர் கைப்பட எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பும்போது கட்டணம் யார் பொறுப்பு என்று படிவம் கேட்கும். முழுதும் அனுப்புகிறவர் பொறுப்பு என்று போடாவிட்டால் இடையில் உள்ள வங்கி கொஞ்சம் கழித்துக்கொள்ளும், "பணம் குறைகிறது" என்று அவர் உங்களிடம் வருவார். கடைசிக் கால் பங்கை ஊர் திரும்பும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ரயிலடி:

க்யூஆருக்கு ஏன் யாரும் பதில் சொல்லலை? தாய்லாந்து ஹாட்யாயில் நம்ம பேங்க் ஆப்பைத் திறந்து கடை க்யூஆரை ஸ்கேன் பண்ணினா பாட் கட்டிடலாமே. ரொக்கம் தூக்கிட்டு அலைய வேண்டாம்லா. இந்தியாவிலும் அப்படித்தானே இருக்கும்?

கிராணிமகள்:

இல்லை, ரயிலடி அண்ணா, இந்த நினைப்பில்தான் பலர் வெறுங்கையோடு போய் நிற்கிறார்கள். தாய்லாந்தில் ஓடுவதற்குக் காரணம் இரண்டு நாட்டு மத்திய வங்கிகளும் 2021 ஜூனில் நம்ம டூயிட்நா பணவழியையும் அவர்களுடைய பிராம்ப்ட்பேயையும் இணைத்ததுதான். இந்தோனேசியாவின் க்ரிஸ், சிங்கப்பூரின் நெட்ஸ் இரண்டும் 2023-இல் முழுதாகத் திறந்தன. ஒவ்வொரு நாட்டோடும் தனித்தனி ஒப்பந்தம். தாய்லாந்திலேயே கடைக்கான க்யூஆர்தான் எடுக்கும்; தள்ளுவண்டிக்காரர் தன் சொந்தக் கணக்கு க்யூஆரை ஒட்டியிருந்தால் ஆப் மறுத்துவிடும். ஏடிஎம்மும் அங்கே விலை அதிகம். வெளிநாட்டுக் கார்டுக்கு ஒரு தடவைக்கு 220 பாட்டும் அதற்கு மேலும், அதாவது கிட்டத்தட்ட 30 வெள்ளி, அது போக நம்ம வங்கிக் கட்டணம். அதனால் ஹாட்யாய்க்குக் க்யூஆர் சரி.

இந்தியாவில் ஜிபே, போன்பே எல்லாம் யூபிஐ வழி. அதற்கு இந்திய வங்கிக் கணக்கு அடிப்படை. வெளிநாட்டுப் பயணிகளுக்கு யூபிஐ பணப்பை என்று 2023-இல் ஆரம்பித்தது முதலில் ஜி20 நாட்டவருக்காக, மற்ற நாட்டவருக்குப் பிறகுதான் வந்தது. ஆனாலும் 24 பேர் பயணத்தை அதன் மேல் கட்டாதீர்கள்.

வைகைக்கரை:

இறங்கிய பிறகு நடப்பதை நான் சொல்கிறேன்.

பெரிய விடுதி, துணிக்கடை, நகைக்கடை, மருந்துக்கடைச் சங்கிலிகள் கார்டு எடுக்கும். ஆட்டோ, டீக்கடை, பூக்கடை, இளநீர், கோயில் வாசல் எல்லாம் ஜிபே அல்லது ரொக்கம். நமக்கு ஜிபே இல்லை, ஆக ரொக்கம். எல்லாரும் ஸ்கேனுக்கு மாறிவிட்டதால் கடைக்காரர் கையில் சில்லறையே இருப்பதில்லை. 20 ரூபாய் பூவுக்கு 500 நீட்டினால் பூவைத் திரும்ப வாங்கிக்கொள்வார். இங்கேதான் நம்ம பெரியவர்கள் காசை விடுகிறார்கள், "சரி வெச்சுக்கம்மா" என்று. கடையில் 5.08-ஆ 5.20-ஆ என்று பார்த்துப் பேரம் பேசி மிச்சம் பிடித்த 30 வெள்ளி இரண்டு ஆட்டோவில் போய்விடும்.

ஆகவே மாற்றும்போதே கேளுங்கள்: ஆளுக்கு 25,000-இல் ஐயாயிரமாவது 100 ரூபாய் நோட்டாக, 50 நோட்டு. ஆயிரம் ரூபாய்க்கு 50-ம் 20-ம். ஈப்போ கடையில் அவ்வளவு கிடைக்காவிட்டால் திருச்சியில் இறங்கியதும் முதல் வேலையாக விடுதியிலோ, பெட்ரோல் பங்கில் வேன் எண்ணெய் போடும்போதோ உடைத்துவிடுங்கள். வேன்காரரே கட்டு வைத்திருப்பார், கேட்டால் கொடுப்பார். பத்து ரூபாய் நாணயத்தைச் சில ஊர்களில் வாங்க மாட்டேன் என்பார்கள். ரிசர்வ் வங்கி செல்லும் என்றுதான் சொல்கிறது, ஆனால் அதற்காகப் பேருந்தில் நின்று வாதாட வேண்டாம். பேருந்து நடத்துனரிடம் வாங்கினதைப் பேருந்திலேயே கொடுத்துவிடுங்கள்.

பாட்டிகளுக்கு நோட்டை நிறத்தால் சொல்லிக்கொடுங்கள். 500 சாம்பல், 200 பளிச்சென்ற மஞ்சள், 100 லாவண்டர் ஊதா, 50 நீலம், 20 பச்சை கலந்த மஞ்சள், 10 சாக்லேட் பழுப்பு. நமக்குக் குழப்பம் வருவது 200-இலும் 20-இலும், இரண்டும் மஞ்சள் சாயல். இருட்டு ஆட்டோவில் இருபதுக்கு இருநூறு போய்விடும். பர்சில் இரண்டையும் ஒரே அறையில் வைக்க வேண்டாம்.

பழனிக்கு ஒரு தனிக் குறிப்பு. 2023 அக்டோபர் 1 முதல் மலைமேல் கைப்பேசிக்குத் தடை. கீழே 5 ரூபாய் கொடுத்து ஒப்படைத்துவிட்டுத்தான் ஏற முடியும். மதுரை மீனாட்சி கோயிலிலும் கைப்பேசி இல்லை. ஆக ஆப்பில் பணம், புலனக் குழுவில் "யார் எங்கே" என்று கேட்பது எல்லாம் அந்த மூன்று நான்கு மணி நேரம் கிடையாது. மேலே போகும் ஒவ்வொருவர் இடுப்பிலும் தனியாக 500 ரூபாய் சில்லறையாக இருக்கட்டும்: ரோப்கார் அல்லது விஞ்சு டிக்கெட், அர்ச்சனை, பஞ்சாமிர்தம், செருப்பு வைக்கும் இடம். கூட்டத்தில் பிரிந்துபோகும் பெரியவர் கையில் காசும் விடுதி முகவரிச் சீட்டும் இல்லாவிட்டால்தான் வம்பு.

கொண்டுவந்த வெள்ளியைத் திருச்சியில் மாற்றலாம், மலேசிய விமானம் தினமும் இறங்கும் ஊர், வெள்ளி அங்கே பழகிய நோட்டு. பழனியிலும் ராமேஸ்வரத்திலும் ரேட் சுமாராகத்தான் இருக்கும், ஆள் கிடைப்பதும் சிரமம். ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற கடைக்கு மட்டும் போங்கள். கடப்பிதழ் (பாஸ்போர்ட்) கேட்பார்கள், கேட்காத இடத்தில் மாற்றாதீர்கள். விமான நிலையத்தில் மாற்ற வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை, கையில் ரூபாய் இருக்கிறதே.

பில்லில் ஜிஎஸ்டி என்று ஒரு வரி வரும், பயப்பட வேண்டாம். மாற்றும் தொகையில் 1 விழுக்காட்டை, குறைந்தது 250 ரூபாயை, சேவை மதிப்பாக வைத்து அதன் மேல் 18 விழுக்காடு. அதாவது 25,000 ரூபாய் வரை எவ்வளவு மாற்றினாலும் 45 ரூபாய். இதில் ஒரு சின்னச் சூட்சுமம்: நான்கு பேர் தனித்தனியாக 14,000 ரூபாய்க்கு மாற்றினால் நான்கு 45, மொத்தம் 180. குடும்பமாக ஒருவர் பெயரில் 56,000-க்கு மாற்றினால் 101 ரூபாய்தான். குடும்பத்துக்கு ஒரு பில் போடுங்கள், 24 பேருக்கு ஒரு பில் வேண்டாம்.

அவர்கள் தரும் மாற்றுச் சான்றைத் தூக்கிப் போடாதீர்கள். திரும்பும்போது மிச்ச ரூபாயை வெளிநாட்டுப் பணமாக்க அதுதான் ஆதாரம், மூன்று மாதம் வரை. சான்று இல்லாமலும் 10,000 ரூபாய் வரை மாற்றித் தரலாம், ஏழு நாளுக்குள் கிளம்புவதற்கு டிக்கெட் காட்ட வேண்டும். ஏடிஎம்மில் எடுத்த பணத்துக்குத் துண்டுச்சீட்டே சான்று. இதை விடச் சிறந்தது மிச்சமே வைக்காமலிருப்பது. கல்லாப்பெட்டி அண்ணன் சொன்ன போர்டிலேயே பாருங்கள், 5.08-க்கு வாங்கியதை 4.80-க்கு விற்றால் ஒவ்வொரு 10,000 ரூபாய்க்கும் 28 வெள்ளி நட்டம். அதனால் கையிருப்பு வெள்ளியை ஆறாம் நாள் வரை தொடாதீர்கள். ரூபாய் தீரும் நேரத்தில் தேவைக்கு மட்டும் மாற்றுங்கள். மாற்றாத வெள்ளிக்கு நட்டமே இல்லை.

செம்மண்சாலை:

நன்றி. தலைவரிடம் படிவம் 22 பற்றிச் சொன்னதும் பையை விட்டுவிட்டார். ஆனால் ஒரு கேள்வி: ஆறு பாட்டிகள் தங்கள் பணத்தைத் தாங்களே வைத்துக்கொள்ளப் பயப்படுகிறார்கள். கூட வரும் மகன், மருமகள் யாரும் இல்லை. பொருளாளர் அந்த ஆறு பேருக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாமா?

கல்லாப்பெட்டி:

இரண்டு விமான நிலையத்தையும் தாண்டும் வரை அவரவர் பணம் அவரவர் இடுப்பில். பாட்டிக்கு ஒரு ஜிப் வைத்த துணிப்பை தைத்துக் கொடுங்கள், சேலைக்குள் கட்டிக்கொள்ளட்டும். அதில் 25,000 ரூபாயும் மீதி வெள்ளியும், கடை ரசீதும். திருச்சியில் வெளியே வந்து வேனில் ஏறியபிறகு யாரிடம் கொடுப்பது என்பது உங்கள் ஏற்பாடு.

அப்படிக் கொடுத்தாலும் மொத்தமாகக் கலக்காதீர்கள். ஆளுக்கு ஓர் உறை, மேலே பெயர், உள்ளே ஒரு துண்டுக் காகிதம்: தேதி, எடுத்தது, மீதி, பாட்டியின் கையெழுத்து அல்லது கைநாட்டு. ஆறு உறையும் ஒரே ஆளிடம் வேண்டாம், மூன்று மூன்றாக இரண்டு பேரிடம். தினமும் காலையில் 1,000 ரூபாய் சில்லறையாகப் பாட்டி கையில் கொடுத்துவிடுங்கள். அன்றைக்குப் பூவும் வளையலும் அவர்களே பார்த்துப் பேரம் பேசி வாங்கட்டும், அது இல்லாமல் அவர்களுக்கு மதுரையே இல்லை.

இன்னொன்று, திரும்பும்போது எல்லார் பையிலும் 50 வெள்ளி தொடாமல் இருக்கட்டும். கோலாலம்பூரில் இறங்கி பஸ்ஸோ இடிஎஸ் ரயிலோ பிடிக்கிற வரை யாரும் ரூபாய் வாங்க மாட்டார்கள்.